எனக்கு ஒரு டவுட்

1

இந்த நாட்டுக்கு வந்து பதினோரு வருடம் முடிந்த அதே வாரத்தில், எனக்குப் பேசத் தெரியவில்லை என்று ஒரு படிவம் வந்தது.

அப்படி நேராக எழுதியிருக்கவில்லை. இங்கே எதையும் நேராக எழுத மாட்டார்கள். 'பணியிடத்தில் உரையாற்ற ஆதரவுத் திட்டம்' என்று தலைப்பு. கீழே நான்கு கட்டங்கள். எனக்கு என்ன சிரமம், எப்போதிலிருந்து, நிறுவனம் எப்படி உதவலாம், எத்தனை மாதத்தில் முன்னேற்றத்தை எதிர்பார்க்கலாம். கடைசியில் கையெழுத்துப் போட ஒரு கோடு.

பார்த்தால் உதவி மாதிரிதான் இருந்தது. ஆனால் ஊரில் ஒரு சான்றிதழுக்காக நாலு அலுவலகம் ஏறி இறங்கியவள் நான். எந்தத் தாளிலும் எழுதாமல் விட்டது என்ன என்றுதான் முதலில் பார்ப்பேன். முன்னேற்றம் இல்லையென்றால் என்ன செய்வார்கள் என்பதற்கு அதில் கட்டமே இல்லை. அது எனக்கு உறுத்தியது.

"கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு. நல்லதுக்குத்தானே கேட்கிறார்கள்?" என்றார் என் கணவர். அவர் இங்குள்ள மருத்துவமனையில் செவிலியர். யார் எதைக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுவார்.

நான் படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன். ஐந்து மாதம் அங்கேயே இருந்தது.

2

அயர்லாந்தின் தெற்குப் பகுதியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். (என் தம்பி தாமு திருத்தணியில் எல்லோரிடமும் லண்டன் என்றுதான் சொல்கிறான். திருத்துவதை விட்டுவிட்டேன்.) நான் வேலை செய்வது பால்பொடித் தொழிற்சாலையின் ஆய்வகத்தில். சுமதி என்ற என் பெயரை இவர்கள் சுருக்கி 'சூ' ஆக்கிவிட்டார்கள். கோழி விரட்டுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆங்கிலம் போதவில்லை. போதுமான ஆங்கிலம் வந்தபோது அந்தப் பெயர் பழகிவிட்டது.

பாலைச் சூடான காற்றில் தெளித்துப் பொடியாக்கும் ஒரு பெரிய கோபுரம் எங்களிடம் உண்டு. மாதிரி எடுக்க அதன் நான்காம் தளத்தில் ஒரு குழாய்வாய், தரைத்தளத்தில் ஒரு குழாய்வாய். ஒவ்வொரு ஷிப்டிலும் அதன் பொறுப்பாளர் இரண்டு இடத்திலும் கொஞ்சம் பொடி எடுத்துத் தனித்தனிப் பையில் போட்டு, நேரம் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் ஈரம் பார்ப்போம். மேலே எடுத்த பொடியில் ஈரம் சற்று அதிகமாக இருக்கும், கீழே வருவதற்குள் குறைந்துவிடும். இந்தப் பொடியில் ஒரு பகுதி கைக்குழந்தைகளுக்குப் போகிறது என்பதால் இந்த விஷயத்தில் யாருக்கும் சலுகை கிடையாது.

பத்து வருடம் கருவிக்குப் பின்னால் உட்கார்ந்து நிம்மதியாக இருந்தேன். இந்த வருடத் தொடக்கத்தில் பதவி உயர்வு கொடுத்தார்கள். அதோடு ஒரு வேலையும் ஒட்டிக்கொண்டு வந்தது. மாதம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, பதினைந்து பேர் முன்னால் நின்று அந்த மாதத்து முடிவுகளைத் திரையில் காட்டி விளக்க வேண்டும்.

முதல் கூட்டத்தில் எழுந்து நின்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. முழங்கால் தனியாக ஆடியது. மூன்றாவது படத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை வேறு எண்களைப் படித்தேன். தண்ணீர் குடிக்கலாம் என்று கண்ணாடி டம்ளரை எடுத்தால், அது பல்லில் பட்டுக் கடகடவென்று அடித்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"மூச்சு விட்டுக்கொள், சூ. அவசரமே இல்லை," என்றார் என் மேலாளர் ஃபியோனா. அவர் அன்பாகச் சொன்னது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. எல்லோர் முன்னாலும் அன்பாக இருப்பவர்கள் தனியறையில் என்ன எழுதுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? எழுதத்தான் செய்தார். படிவம் அடுத்த வாரம் வந்தது.

ஆனால் என் கண் ஃபியோனா மேல் இல்லை. டெக்லன் மேல் இருந்தது.

டெக்லனுக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருடமாக அந்தக் கோபுரத்தில் ஷிப்டுப் பொறுப்பாளர். நான் வந்த புதிதில் தன் தோட்டத்து ஆப்பிள்களைப் பையில் போட்டு ஆய்வகக் கதவில் மாட்டிவிட்டுப் போவார். இரண்டு வருடமாக ஆப்பிளும் இல்லை, காலை வணக்கமும் இல்லை. கூட்டத்தில் மற்றவர்கள் பேசும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். நான் வாயைத் திறந்ததும் சட்டைப்பையிலிருந்து சின்னக் கறுப்பு நோட்டை எடுத்து எழுத ஆரம்பிப்பார். முடித்ததும் நோட்டு உள்ளே போய்விடும்.

என் தப்புகளைக் கணக்கெடுக்கிறார் என்று முடிவு செய்தேன். எனக்குக் கிடைத்த பதவிக்கு அவருடைய உறவுக்காரப் பெண் ஒருத்தியும் விண்ணப்பித்திருந்தாள் என்று கேள்வி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

3

பயத்தைப் போக்க இணையத்தில் ஆயிரம் யோசனைகள் கிடைக்கின்றன. எதிரில் இருப்பவர்களைத் துணியில்லாமல் கற்பனை செய்துகொள்ளச் சொன்னது ஒன்று. அதை எழுதியவனுக்கு வீட்டில் பெரியவர்கள் இல்லை போலிருக்கிறது. வயிற்றிலிருந்து மூச்சு விடு, கண்ணாடி முன்னால் பேசு, முதல் இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய் என்றன மற்றவை. எல்லாம் செய்தேன். கண்ணாடி முன்னால் நன்றாகப் பேசினேன். கண்ணாடி நோட்டு எடுத்து எழுதவில்லையே.

அப்புறம் என் மகள் நிவேதாவைப் பிடித்து உட்காரவைத்தேன். அவளுக்குப் பதினைந்து வயது. நாலு வயதில் இங்கே வந்தவள். இந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரியே ஆங்கிலம் பேசுவாள். நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும்.

"அம்மா, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் 'ஸாரி' சொல்கிறாய். போலீஸில் மாட்டிக்கொண்டவள் மாதிரி இருக்கிறது," என்றாள்.

"சரி, மறுபடி ஆரம்பிக்கிறேன். ஸாரி."

சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். இரண்டு வாரம் அப்படியே போயிற்று. சாப்பாட்டு மேஜையில் அவள் ஆசிரியை, நான் மாணவி. அவளோடு அவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ஒருநாள் நான் பேசுவதைத் தன் போனில் பிடித்தாள். "நீயே பார்த்துக்கொள், கை எங்கே போகிறது என்று," என்றாள். பார்த்தேன். பார்த்ததும் எனக்கு வேறு நினைப்பு வந்துவிட்டது. இதைத் தோழிகளுக்கு அனுப்பிச் சிரிப்பாளோ? அவள் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்து யாருக்காவது போயிருக்கிறதா என்று தேடினேன். ஈரத் தலையோடு வந்தவள் என் கையில் போனைப் பார்த்தாள்.

"என்னைக்கூட நம்ப மாட்டியாம்மா?"

அந்த வாரம் அவள் தமிழில் பேசிய ஒரே வாக்கியம் அது. யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை. அதன்பிறகு பயிற்சிக்கு உட்கார மறுத்துவிட்டாள். பள்ளியில் நிறைய வேலை என்றாள்.

4

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் கூச்ச சுபாவம் உள்ளவள் இல்லை.

கல்லூரியில் படிக்கும்போது மூன்று வருடமும் ஆடிக் கிருத்திகைக்குத் தொண்டுக்குப் போனேன். எங்கள் திருத்தணி மலையடிவாரத்தில் பந்தலுக்குள் ஒரு மேஜை, ஒரு மைக். காவடிக் கூட்டத்தில் காணாமல் போனவர்களின் பெயரைச் சொல்வது என் வேலை. பாதிக் கூட்டம் நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்திலிருந்து வரும். எங்கள் தெருவில் பாதிப் பேர் தெலுங்கு பேசுவார்கள், நானே அப்பாவை நைனா என்றுதான் கூப்பிட்டேன். அதனால் தமிழில் ஒருதரம், தெலுங்கில் ஒருதரம் சொல்வேன். "மஞ்சள் வேட்டி, இடது கையில் கடிகாரம், வயது அறுபது, எங்கிருந்தாலும் போலீஸ் பந்தலுக்கு வரவும்." ஊரே என் குரலைக் கேட்டது. எனக்கு ஒருமுறைகூட நாக்கு ஒட்டியதில்லை. நடுநடுவே வேர்க்கடலை தின்றுகொண்டே பேசியிருக்கிறேன்.

லட்சம் பேருக்கு முன்னால் பேசியவள் பதினைந்து பேருக்கு முன்னால் நடுங்குகிறாள் என்றால் தப்பு என்னிடம் இருக்க முடியாது, அந்தப் பதினைந்து பேரிடம்தான் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். அது எனக்கு மிகவும் பிடித்த முடிவாக இருந்தது.

5

ஜூலையில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை என்று தாமு போன் செய்தான். மூன்று வாரம் விடுப்புக் கேட்டேன். மாதக் கூட்டம் அதற்குள் வந்தது.

"கவலைப்படாமல் போய் வா. உன் பகுதியை டெக்லன் பேசிவிடுவார்," என்றார் ஃபியோனா.

அவ்வளவுதான். என் பகுதியை டெக்லன் நன்றாகப் பேசிவிட்டால்? அப்புறம் நான் எதற்கு?

"இல்லை. நான் ஊரிலிருந்தே பேசுகிறேன்."

"நீ விடுப்பில் இருக்கிறாய், சூ. அம்மாவுக்கு அறுவை."

"பேசுகிறேன்."

ஃபியோனா என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் ஏன் இப்படி அடம்பிடிக்கிறேன் என்று அவருக்கு ஒரு சந்தேகம். என்னை ஏன் தடுக்கிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே எழுந்தோம்.

கிளம்பும் முன் கடைசி இரண்டு மாத எண்களை அட்டவணையாக்கினேன். டெக்லனின் ஷிப்டில் ஒன்று வினோதமாகப் பட்டது. மேல்தளத்துப் பொடியிலும் கீழ்த்தளத்துப் பொடியிலும் ஈரம் அச்சாக ஒரே அளவு. மற்ற ஷிப்டுகளில் அப்படி இல்லை. காற்றின் வெப்பத்தை மாற்றியிருப்பார்கள், எனக்குச் சொல்லவில்லை, என்னைத் திண்டாட வைக்கத்தான் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கூட்டத்தில் கேட்க ஒரு கேள்வியாகக் குறித்து வைத்தேன்.

6

தாமுவின் வீடு மலையடிவாரத்தில். அரக்கோணம் சாலையில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். நான் போய் இறங்கியபோது ஊர் முழுக்க மஞ்சள் உடுப்பும் அரோகராவும்தான். ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் இருந்தது. ஆடியில் அறுவை வேண்டாம் என்று அம்மா சொல்லிப் பார்த்திருக்கிறாள். டாக்டர் கொடுத்த தேதியை விட்டால் மூன்று மாதம் ஆகும் என்று தாமு கேட்கவில்லை.

அம்மா கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். நான் போனதும் முதல் புகார்.

"வேற யாரோட லென்ஸையோ எனக்குப் போட்டுட்டானுங்களோ இன்னாவோ. தண்ணியா வந்துகினே கீது."

"யம்மா, லென்ஸு இன்னா செருப்பா, மாறிப்போறதுக்கு?" என்றான் தாமு. என்னிடம் திரும்பி, "மூணு நாளா இதேதாங்க்கா. சொட்டு மருந்து பாட்டில மோந்து பாத்துட்டுத்தான் ஊத்திக்கிறாங்க."

இந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை மாதக் கூட்டம், இந்திய நேரத்துக்கு மதியம் இரண்டரை மணி. இன்வெர்ட்டரோடு சேர்ந்த மின்விசிறி அம்மாவின் அறையில்தான் இருந்தது. அங்கேயே மேஜை போட்டு, லேப்டாப்பை வைத்து, பின்னால் சாமி காலண்டரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

"கரண்டு போனாலும் பயப்படாதக்கா. நாலு மணி நேரம் தாங்கும். நான் கடையிலதான் இருப்பேன், ஒரு மிஸ்டு கால் குடு போதும்," என்று சொல்லிவிட்டு தாமு போனான்.

திரையில் பதினைந்து முகங்கள், சின்னச் சின்னக் கட்டங்களில். டெக்லன் நோட்டைத் திறப்பது இத்தனை தூரத்திலிருந்தும் தெரிந்தது. முதல் படத்தைக் காட்டினேன். வழக்கம்போல நாக்கு உலர்ந்தது. இரண்டாவது படத்துக்கு வருவதற்குள் இரண்டு ஸாரி சொல்லியிருந்தேன்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே மின்கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி உயிர்பெற்றது. அறையே அதிர்ந்தது. நான் நிறுத்தினேன்.

"அது என்ன, சூ? ஏதாவது ஆபத்தா?" என்று கேட்டார் ஃபியோனா. திரையில் எல்லா முகமும் முன்னால் குனிந்தது.

"ஆபத்தில்லை. கோயில் திருவிழா. நகரியிலிருந்து வந்த முனிரத்தினம் என்பவரைக் காணவில்லையாம். வயது எழுபது, மஞ்சள் வேட்டி. காது மந்தம், அதனால் பக்கத்தில் இருப்பவர்கள் அவரிடம் சொல்லி அழைத்து வரச் சொல்கிறார்கள். மகள் மருத்துவ முகாமில் காத்திருக்கிறாளாம்."

"அவரைக் கண்டுபிடித்துவிடுவார்களா?" என்று யாரோ கேட்டார்.

"பெரும்பாலும் சாயங்காலத்துக்குள். படிக்கும் காலத்தில் நானே இதைச் செய்திருக்கிறேன்."

எப்படி, எங்கே, எத்தனை பேர் கூடுவார்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். மறுபடி என் படத்துக்குத் திரும்பியபோது வாய் உலர்ந்திருக்கவில்லை என்பதைக் கவனித்தேன். கவனித்ததும் திரும்பவும் உலர்ந்துவிடுமோ என்று பயந்து வேகமாக அடுத்த படத்துக்குப் போனேன். டெக்லன் ஷிப்டின் எண்கள். குறித்து வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"ஐ ஹேவ் எ டவுட் இன் டெக்லன்ஸ் நம்பர்ஸ்."

திரையில் யாரும் அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

"மறுபடியும்," என்றார் டெக்லன். குரல் தாழ்ந்திருந்தது. "இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே வார்த்தையை ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னாய். எழுதி வைத்திருக்கிறேன்." நோட்டின் பக்கங்களைப் பின்னால் தள்ளிப் படித்தார். "'டெக்லனின் பைகளில் எனக்கு டவுட் இருக்கிறது.' அன்றிலிருந்து நீ என்னைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொன்றையும் எழுதி வருகிறேன். ஒருநாள் எனக்குத் தேவைப்படும் என்று தெரியும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "கேள்வி கேட்டால் என்ன தப்பு?" என்றேன்.

"கேள்வியா?"

அப்புறம்தான் மெல்ல மெல்ல விளங்கியது. எங்கள் ஊரில் டவுட் என்றால் வகுப்பில் கை தூக்கிக் கேட்பது. 'சார், ஒரு டவுட்.' அவ்வளவுதான் அதன் எடை. அங்கே அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு. உன்னை நம்பவில்லை, நீ சொல்வது பொய்யாக இருக்கலாம் என்று அர்த்தம். பதினோரு வருடமாக நான் ஒவ்வொருவரையும் பார்த்து நம்பவில்லை, நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

"நீ வெளிப்படையாகப் பேசுகிறவள் என்று நினைத்தேன்," என்றார் ஃபியோனா பாவமாக.

நான் விளக்க ஆரம்பித்தேன். தமிழில் சந்தேகம் என்ற ஒரே சொல் இரண்டுக்கும் உண்டு என்று சொன்னேன். பாடம் புரியாத மாணவனுக்கும் சந்தேகம், மனைவியை வேவு பார்க்கும் புருஷனுக்கும் சந்தேகம். அன்று இரண்டு பைகளில் ஒரே நேரம் எழுதியிருந்தது, கை தவறியிருக்கும் என்றுதான் கேட்டேன் என்றேன். கையை ஆட்டினேன், சிரித்தேன், இலக்கணம் எங்கே போயிற்றோ தெரியாது. அந்த மனிதருக்கு இது புரிய வேண்டும் என்பது தவிர வேறு நினைப்பே இல்லை. எல்லோரும் சிரித்தார்கள். பத்து நிமிடமாகத் தடங்கலில்லாமல் பேசிக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அதுவரை ஒவ்வொரு கூட்டத்திலும் இவர்களிடம் மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தால் போதும் என்று பேசியிருந்தேன். எதிரில் இருப்பவருக்கு எதையாவது கொண்டுசேர்க்க வேண்டும் என்று அன்றுதான் பேசினேன்.

டெக்லனும் சிரித்தார். சற்றுத் தாமதமாக. "அப்படியானால் அன்று நீ என்னைச் சந்தேகப்படவில்லை?"

"இல்லவே இல்லை."

"இப்போதும்?"

"இப்போதும் கேள்விதான். மேலேயும் கீழேயும் ஈரம் ஏன் ஒரே அளவு? வெப்பத்தை மாற்றினீர்களா?"

"பார்த்துச் சொல்கிறேன்," என்றார். அவர் கட்டம் இருண்டது.

லேப்டாப்பை மூடினேன். பரீட்சை முடிந்த பெண் மாதிரி இருந்தேன். அம்மா பச்சைத் துணிக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"கடைசியா பேசனானே ஒருத்தன், அவன் யாரு?"

"கூட வேலை செய்யறவரும்மா."

"எதுக்கோ பயந்துகினு கீறான்."

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"அதெதுக்கு? கொரலு தெரியாதா?"

"அவரு ஏம்மா பயப்படணும்? நான்தான் இத்தினி நாளா பயந்துகினு இருந்தேன்," என்றேன். "ஆங்," என்று அம்மா திரும்பிப் படுத்தாள். அவள் சந்தேகங்களை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

7

திரும்பிப் போன முதல் நாள் ஃபியோனா என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

கூட்டம் நடந்ததற்கு மறுநாள் காலையிலேயே டெக்லன் அவரிடம் வந்திருக்கிறார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லையாம். நான்காம் தளத்து மாதிரியை இரண்டு மாதமாகத் தான் எடுக்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறார். முழங்கால் தேய்ந்துவிட்டது. இரும்பு ஏணிப்படியில் நாலு மாடி ஏற முடியவில்லை. வெளியே சொன்னால் கோபுரத்திலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயம். தரைத்தளத்திலேயே இரண்டு பையும் நிரப்பி, ஒன்றில் 'மேல்' என்று எழுதி அனுப்பியிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் எப்போதாவது ஒருநாள் செய்தது, இப்போது தினமும் ஆகிவிட்டது.

பதினோரு வருடமாக அந்தக் கட்டடத்தில் எல்லோரையும் எல்லாவற்றுக்கும் சந்தேகப்பட்டவள் நான். அன்பைச் சந்தேகப்பட்டேன், படிவத்தைச் சந்தேகப்பட்டேன், பெற்ற பெண்ணைச் சந்தேகப்பட்டேன். உண்மையில் தப்பு நடந்த ஒரே இடத்தில், வெப்பத்தை மாற்றினீர்களா என்று கேட்டுவிட்டு நிம்மதியாக வந்தேன்.

"பொடி கெட்டுப்போகவில்லை. கீழ்த்தள எண்கள் எல்லாம் சரி," என்றார் ஃபியோனா. "ஆனால் பதிவு பொய். அந்த மூட்டைகளை நிறுத்தி வைத்திருக்கிறோம். வாங்குகிறவர்கள் வியாழக்கிழமை வருகிறார்கள். என்ன நடந்தது என்று நீ விளக்க வேண்டும். முடியுமா? முடியாவிட்டால் நான் பேசுகிறேன்."

இந்தத் தடவை அந்தக் கேள்விக்குப் பின்னால் எதையும் தேடவில்லை. முடியும் என்றேன். கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். "இது எதற்கு? நேராகச் சொல்லுங்கள்."

ஃபியோனாவின் முகம் சிவந்தது. "உனக்குப் பயிற்சி தரத்தான். மேலிடத்துக்கு ஒரு தாள் வேண்டும். ஒருவேளை பதவியை மாற்ற நேர்ந்தாலும் அந்தத் தாள் வேண்டியிருக்கும். இரண்டும்தான். நான் சேர்ந்த புதிதில் எனக்கும் இதே படிவம் கொடுத்தார்கள்." அலமாரியில் தேடி ஒரு பழைய தாளை எடுத்துக் காட்டினார். அவர் கையெழுத்து இருந்தது. தேதி இல்லை. அதையும் பார்த்துவிட்டேன். பழக்கம் போகாது.

வியாழக்கிழமை ஏழு பேர் வந்தார்கள். முழங்கால் ஆடியது, ஆடட்டும் என்று விட்டேன். முதல் வாக்கியத்தை மெதுவாகச் சொன்னேன். நெற்றியைச் சுருக்கிய ஒருவரைப் பார்த்து அவருக்காக மறுபடி சொன்னேன். எந்த நாள், எந்தப் பை, எப்படித் தெரியவந்தது, இனி மேல்தள மாதிரியை யார் எடுப்பார்கள், யார் சரிபார்ப்பார்கள். ஒரு ஸாரியும் சொல்லவில்லை. டெக்லனின் பெயரையும் சொல்லவில்லை. 'ஷிப்டுப் பொறுப்பாளர்' என்று மட்டும் சொன்னேன். அறையின் பின்வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். அவரை வரச் சொல்லியிருந்தார்கள். கை இரண்டும் மடியில் இருந்தன.

வந்தவர்கள் திருப்தியோடு போனார்கள். நன்றாகப் பேசினாய் என்று நாலு பேர் தோளைத் தட்டினார்கள்.

8

டெக்லனை வேலையைவிட்டு நீக்கவில்லை. ஓய்வு பெறச் சொன்னார்கள், இரண்டு வருடம் முன்கூட்டி. இங்கே அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது.

அவருடைய கடைசி நாள் காலை, வண்டி நிறுத்துமிடத்தில் அவரைப் பார்த்தேன். பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு, ஒரு காலைத் தாங்கித் தாங்கி முன்பக்கம் வந்துகொண்டிருந்தார். இவ்வளவு நொண்டுகிறவரை நான் எப்படிப் பார்க்காமல் போனேன்? நோட்டையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"டெக்லன், அன்றைக்கு நான் அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்," என்றேன்.

"கேட்கத்தான் வேண்டும். குழந்தைகள் குடிக்கிற பொடி." கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வியாழக்கிழமை நீ பேசியதில் ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. அதற்கு முன் உன் பேச்சு எனக்குப் பாதிதான் புரியும்."

"நன்றி," என்றேன்.

"ஒன்று சொல்கிறேன், கேள்," என்றார். "நீ என் பின்னால் அலைகிறாய் என்று இரண்டு வருடம் நம்பினேன். அப்போது மறைப்பது சுலபமாக இருந்தது. போட்டி மாதிரி. அன்றைக்கு, இல்லவே இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அன்று ராத்திரி என் மனைவியிடம் சொன்னேன். காலையில் ஃபியோனாவிடம் போனேன்."

கை நீட்டினார். குலுக்கினேன். "சுமதி" என்றார். மூன்று எழுத்தையும் தனித்தனியாக, யாரிடமோ கேட்டுப் பழகிய மாதிரி. வண்டி வாசலைத் தாண்டி இடதுபக்கம் திரும்பும்வரை அங்கேயே நின்றேன். அப்புறம் போனை எடுத்து நிவேதாவுக்கு எழுதினேன். தமிழிலேயே எழுதினேன். 'அன்னைக்கு உன் போனை எடுத்தது தப்பு. அம்மாவை மன்னிச்சிடு.'

அவள் வகுப்பில் இருப்பாள், பதில் வராது என்று தெரியும். மேலே கூட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருந்தது. படியேறினேன்.